சொட்டும் குழாயை நாமே மாற்றலாம்

சேலம், நாமக்கல் பக்கம் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குளியலறைக் குழாயைப் பாருங்கள்; வாயோரம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். சங்ககிரியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பூமி இது. நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வருகின்றன. அந்தப் படிவு வாஷரைத் தின்றதும் குழாய் சொட்ட ஆரம்பிக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீண். குடிநீருக்கு மேட்டூர்க் காவிரியை எதிர்பார்க்கும் ஊரில் அது சின்ன அளவல்ல.

குழாயை மாற்ற ஒரு மணி நேரம் போதும். முதலில் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு பழைய குழாயை இடப்பக்கமாகத் திருகுங்கள். இறுகியிருந்தால் தயவுசெய்து முரட்டுத்தனம் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் எல்போ உடைந்தால் டைல்ஸையே பெயர்க்க வேண்டி வரும். வினிகர் நனைத்த துணியை மூட்டில் சுற்றி, இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் மெதுவாகத் திருகிப் பாருங்கள்.

கடைக்குப் பழைய குழாயையும் கொண்டு போங்கள். பெரும்பாலும் அரை இஞ்ச் மரைதான். ஆனாலும் நீளம் மாறும். மரையில் டெஃப்லான் டேப்பை, குழாய் திருகும் திசையிலேயே இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். கையால் இறுக்குங்கள், கடைசிக் கொஞ்சத்துக்கு மட்டும் துணி போர்த்தி ஸ்பேனர் போடுங்கள்.

உங்கள் வீட்டில் குழாய் சொட்டினால், இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள்.