முலாமும் பவுணும்: பழைய கொம்பியூட்டர் போர்ட்டை விலை பேசுமுன்

(தண்ணீரூற்றில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்களின் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் பேசியது. தோட்டங்களில் உள்ள உறவுகளுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.)



பழைய இரும்பு சேர்த்து விற்பது வன்னியில் பலருக்குப் பழகிய தொழில். இப்போது அந்தச் சாக்குக்குள் கொம்பியூட்டர் போர்ட், உடைந்த போன் எல்லாம் வருகிறது. மஞ்சளாய் மினுங்கும் ஊசியைக் காட்டி, "இதில தங்கம் இருக்காமே?" என்று கேட்கிறீங்க. இருக்கு, பொய்யில்லை. எவ்வளவு என்பதுதான் பேச்சு.

அது கட்டித் தங்கம் அல்ல, முலாம். செம்புக்கு மேலே நிக்கல், அதற்கு மேலே தங்கம். நல்ல முலாமே ஏறக்குறைய முக்கால் மைக்ரோன் தடிப்புத்தான். ஒரு தலைமயிரை நூறாகப் பிளந்தால் வரும் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்க. அப்படிப்பட்ட முலாம் 700 சதுர சென்றிமீற்றர் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு பவுணுக்கு எட்டு மடங்கு. மலிவான முலாம் என்றால் ஒரு கிராமுக்கே 5,000 சதுர சென்றிமீற்றருக்கு மேல் வேணும். நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்ற கணக்கு நமக்குத் தெரியும். அந்தக் கணக்கு இங்கே ஓடாது.

ஜப்பானில் 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காகப் பழைய மின்சாதனங்களைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய 79,000 தொன் சேர்ந்தது. அதில் கைத்தொலைபேசி மட்டும் 60 இலட்சத்துக்கு மேல். பெரிய ஆலைகளில் உருக்கியும் கிடைத்த தங்கம் 32 கிலோதான்.

ஆகவே மினுக்கத்தைப் பார்த்து மயங்காதீங்க. பழைய ரீவி போர்ட்டில் தங்கம் இல்லை என்றே சொல்லலாம், செம்புக்குத்தான் விலை. கொம்பியூட்டரின் மெமரி, கார்டுகளின் விளிம்பில் உள்ள மஞ்சள் பட்டைகள், பழைய செரமிக் புரொசசர், இவைதான் பெறுமதி. பித்தளை நாளடைவில் கறுக்கும், பச்சை பிடிக்கும். நல்ல முலாம் நிறம் மாறாது. நகைக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பது போல இங்கே பார்த்தால் ஏமாறுவீங்க. உள்ளே இரும்போ நிக்கலோ இருந்தால், மேலே தங்கம் இருந்தாலும் ஊசி காந்தத்தில் ஒட்டும்.

இனி முக்கியமான விசயம். அசிட் ஊற்றித் தங்கம் எடுத்துத் தருகிறோம் என்று யாரும் வந்தால் வீட்டுப்பக்கமே விடாதீங்க. நைத்திரிக் அசிட்டில் எழும் செம்மண்ணிறப் புகையைச் சுவாசித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோர்த்து ஆளே போய்விடலாம். மிச்ச அசிட்டை எங்கே ஊற்றுவீங்க? ஊருக்குப் பேர் தண்ணீரூற்று. நிலத்தில் விட்டது கிணற்றுக்குத்தான் வரும். இந்தியாவில் மொறாதாபாத்தில் போர்ட்டுகளை எரித்து ராம்கங்கா ஆற்றங்கரையையே சாம்பலும் ஈயமுமாக்கி வைத்தார்கள். வயரையும் எரிக்காதீங்க. உரித்த செம்புக்கு எரித்த செம்பை விடக் கூடின விலை.

இன்னொன்று, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. 2009இல் யுத்தம் முடிந்த மண் இது. காட்டிலோ வயலிலோ வயரோடும் போர்ட்டோடும் ஏதாவது கிடந்தால் அது கொம்பியூட்டர் அல்ல. தொடாமல், அந்த இடத்துக்கு அடையாளம் சொல்லிப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்க.

விற்கும்போது மெமரி வேறு, புரொசசர் வேறு, பச்சைப் போர்ட் வேறு, வயர் வேறு என்று பிரித்து வையுங்க. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொடுத்தால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். போர்ட்டை உடைக்காமல் முழுசாகக் கொடுங்க. அப்படியே வாங்கி வெளிநாட்டு ஆலைகளுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு; மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கா என்று கேளுங்க. இரண்டு, மூன்று பேரிடம் விலை கேளுங்க. கொழுந்து நிறுக்கும்போது நிற்பது போலத் தராசுக்குப் பக்கத்திலேயே நில்லுங்க.

போனை விற்குமுன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி எடுங்க. பற்றரி ஊதியிருந்தால் குத்தவோ நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகவோ வேண்டாம்.