வீடு ஏலத்துக்கு வருமுன்

(ஆலைவாசல் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



ஷிப்டு முடிந்த களைப்போடு நிற்கிறீர்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. நாம் பேச வந்திருப்பதும் அந்த வீட்டைப் பற்றித்தான்.

நம் தோழர் ஒருவர், ஸ்பின்னிங்கில் சைடர். இரண்டு சென்ட் இடத்தில் வீடு கட்ட 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். ஆலையில் ஒரு ஷிப்டு நின்றது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஐந்து தவணை பாக்கி விழுந்தது. ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது, இங்கிலீஷில். பிரித்துப் பார்த்தவர் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வாசல் சுவரில் இன்னொரு நோட்டீஸை ஒட்டியபோதுதான் அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் கதை என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002ல் வந்த 'சர்பாசி' சட்டப்படி, வீட்டை ஈடாகப் பெற்ற பாங்கு கோர்ட்டுக்குப் போகாமலே அதை எடுத்து விற்கலாம். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வராக்கடன் பட்டியலில் ஏறும். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதில் பாக்கித் தவணையை அல்ல, முழுக் கடனையும் கட்டு என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் இடிந்து போகிறார்கள். இடிந்து போக வேண்டாம். பாக்கி முழுவதையும் கட்டினால் கணக்கு மறுபடி சீராக வழியுண்டு. ஆனால் ஒன்றிரண்டு தவணை மட்டும் கட்டினால் கணக்கு அந்தப் பட்டியலிலிருந்து இறங்காது. அரைகுறையாகக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

நோட்டீஸுக்கு எழுத்து மூலம் பதில் கொடுக்க உங்களுக்கு உரிமையுண்டு. கணக்கு தப்பு, வட்டி அதிகம், வேலை நின்றதால் அவகாசம் வேண்டும் என்று எதுவானாலும் எழுதுங்கள். 15 நாளில் பாங்கு காரணம் காட்டிப் பதில் தர வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அதற்குச் சாட்சி இல்லை. தபாலில் அனுப்புங்கள், அல்லது நகலில் சீல் வாங்குங்கள்.

உண்மையில் பாங்குக்குப் போக வேண்டிய நாள், நோட்டீஸ் வந்த நாள் அல்ல. முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த நாள். அப்போது கேட்டால் தவணைக் காலத்தை நீட்டித் தரக்கூடும். ஆனால் கணக்குப் போட்டுக் கேளுங்கள். 9 சதவீத வட்டியில் 10 லட்சம் கடனுக்கு 15 வருஷம் என்றால் மாதம் சுமார் 10,143 ரூபாய். 20 வருஷம் என்றால் சுமார் 8,997. மாதம் ஆயிரத்துச் சொச்சம் மூச்சு விடலாம். முடிவில் கூட்டிப் பார்த்தால் மூன்றே கால் லட்சத்துக்கு மேல் அதிகம் கட்டியிருப்பீர்கள்! வீடு போவதைவிட அது மேல்தான், ஆனால் தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். பிராவிடண்ட் பண்டிலிருந்தும் வீட்டுக் கடனை அடைக்க முன்பணம் பெற வழியிருக்கிறது. ஆலை ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இன்னொரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது: "தொழிலாளி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்ய முடியாது." பாதி நிஜம். 1908ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு விவசாயியின், கூலியாளின் குடியிருப்பு வீட்டை ஜப்தியிலிருந்து காக்கிறது. ஆனால் கைமாற்று, புரோநோட்டு போன்ற கடனுக்குத்தான் அந்தக் காப்பு. நீங்களே ஈடாக எழுதிக் கொடுத்த வீட்டுக்கு அது உதவாது.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாய நிலத்தின் மேல் இந்த 2002ம் வருஷத்துச் சட்டம் பாயாது. பட்டாவில் நஞ்சை என்றிருந்தால் மட்டும் போதாது, நிஜமாகவே பயிர் நடக்க வேண்டும். கடனில் 80 சதவீதத்துக்கு மேல் கட்டித் தீர்த்தவர் மீதும் பாயாது. இரண்டு இடத்திலும் பாங்கு சாதாரண கோர்ட்டு வழியில் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தவணை கட்டக் கந்துவட்டிக்கு ஓடாதீர்கள். 2003லேயே தமிழகத்தில் அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. தொழில் மட்டும் நிற்கவில்லை. "வீட்டை என் பேருக்குக் கிரயம் எழுது, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று ஒருவர் இனிக்க இனிக்கப் பேசுவார். அந்தக் கையெழுத்தோடு வீடு போயிற்று. 'பவர்' பத்திரமும் அப்படியே.

எப்படியும் கட்ட முடியாது என்றால்? பாங்குக்குத் தெரிவித்து, நீங்களே ஆள் பிடித்து விற்றுக் கடனை அடையுங்கள். சொல்லக் கசப்புதான். ஆனால் ஏலத்தில் போகும் விலையைவிட நேரில் விற்கும் விலை பெரும்பாலும் கூடுதல். ஏலமே நடந்தாலும், கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதியை உங்களிடம் கேட்பார்கள்.

60 நாள் கழிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் வீட்டைக் கையகப்படுத்திய நோட்டீஸை ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. முதலில் 75 சதவீதம் பணம் கட்டினால்தான் விசாரணை என்றிருந்த விதியை 2004ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அங்கே கஷ்டத்தைச் சொல்லி அழுதால் பயனில்லை. பாங்கு முறைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். தடை உத்தரவு கொடுத்தாலும் ஒரு பகுதி பணம் கட்டச் சொல்வது வழக்கம்.

ஆளைக் கிளப்பி வீட்டைப் பூட்டுவதற்கு, எதிர்ப்பு இருந்தால், ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்கித்தான் வர வேண்டும். மிரட்டி வெளியே தள்ள எந்த ஏஜெண்டுக்கும் அதிகாரமில்லை. காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாதென்று 2022ல் ரிசர்வ் பாங்கு உத்தரவு போட்டது. மீறினால் முதலில் பாங்குக்கு எழுதுங்கள். பதில் சரியில்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் இல்லை.

ஒரு எல்லைக்கோட்டை மனதில் வையுங்கள். முன்பெல்லாம் விற்பனை முடியும் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். 2016ம் வருஷத்துத் திருத்தம் அதைச் சுருக்கிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை என்று 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஏலத்தன்று பணத்தோடு ஓடிப்போய் நிற்பதில் அர்த்தமில்லை.

நம் சைடர் தோழர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தார். சங்கத்திலிருந்து ஐந்து பேர் கூடப் போனோம். பிராவிடண்ட் பண்டு முன்பணம் கொஞ்சம், அந்த அம்மாளின் நகையைப் பாங்கில் அடகு வைத்தது கொஞ்சம். பாக்கியும் செலவும் கட்டி முடித்தோம். கணக்கு சீரானது. இரண்டு மாதம் முன்பே வந்திருந்தால் நகை தப்பியிருக்கும். "பெட்டிச் சாவி இனி என்னிடம்" என்கிறார் அந்த அம்மாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க ஆபீஸில் வக்கீல் தோழர் இருப்பார். வந்த நோட்டீஸ், கவர், கடன் பத்திரம், கட்டிய ரசீது எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கவரையும் மறக்க வேண்டாம். தபால் கைக்கு வந்த தேதி அதில்தான் இருக்கிறது.