வாயில்லா ஜீவனுக்கும் வாய் உண்டு



நாயோ பூனையோ இல்லாத தோட்டத்து வீட்டைக் காண்பது அரிது. காலையில் பெரட்டுக்குப் போகிறவரோடு கூடவே நடப்பதும், இரவில் வாசலைக் காப்பதும் நாய்தான். அது கால் நொண்டினால் உடனே கவனிக்கிறோம். புண் வந்தால் மஞ்சள் பூசுகிறோம். ஆனால், அதன் வாயைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? "பல் போனால் சொல் போச்சு" என்பது மனிதருக்குச் சொன்ன பழமொழி. நாய்க்கோ, பல் போனால் சோறே போச்சு!

குட்டி நாய்க்குப் பால்பற்கள் 28. நான்கு மாதம் ஆனதும் அவை விழத் தொடங்கி, 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. பூனைக்கு நிலைப்பற்கள் 30. சாப்பிட்ட பின் பல்லின்மேல் வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது. அதைத் துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து சில நாள்களிலேயே கல்போல இறுகிவிடும். இதுவே பற்காரை. காரை ஈறுக்கு அடியில் இறங்கினால் ஈறு வீங்கும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், பல் ஆடும். மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நோய் ஓரளவேனும் இருக்கிறது.

"நாய் என்றால் வாய் நாறத்தானே செய்யும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. கடுமையான வாய்நாற்றம் நோயின் முதல் அறிகுறி. ஒரு பக்கமாகவே மெல்லுதல், கவ்விய உணவைக் கீழே போடுதல், எச்சிலில் இரத்தம் ஆகியவையும் அறிகுறிகளே. கண்ணுக்குக் கீழே வீங்கினால், அது பெரும்பாலும் கண் நோயன்று; மேல் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள்.

இதற்கு என்ன செய்யலாம்? சுத்தமான துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, பற்களின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பல் தூரிகையும் ஏற்றது. தினமும் செய்தால் மிக நல்லது. குட்டியாக இருக்கும்போதே பழக்குங்கள். நாம் பயன்படுத்தும் பற்பசை வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். இறுகிய காரையைக் கத்தியால் சுரண்டவும் வேண்டாம். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதை எடுப்பார்.

இனி, உணவுக்கு வருவோம். நாம் தின்று மிஞ்சிய கறிக்குழம்புச் சோற்றையே நாய்க்கும் வைப்பது நம் வழக்கம். அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இவை நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. தாளிப்பதற்கு முன்பே, உப்பில்லாமல் வேகவைத்த கோழியோ மீனோ கொஞ்சம் எடுத்து வையுங்கள். முள்ளையும் எலும்பையும் நீக்கி, சோற்றோடும் பூசணிக்காயோடும் பிசைந்து கொடுங்கள். சமைத்த கோழி எலும்பு ஊசிபோலச் சிதறித் தொண்டையையும் குடலையும் குத்தும். சாக்லெட், திராட்சை இரண்டும் நாய்க்கு நஞ்சு. பூனை மாமிச உணவால் வாழும் பிராணி. வெறும் பால்சோறு கொடுத்து வளர்த்தால் நாளடைவில் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

பல்வலி என்று எண்ணி நம் வீட்டு மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். செம்பனைத் தோட்டங்களில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிந்து, நாயும் சோர்ந்து படுத்தால், அது எலி மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாது. தின்ற சில நாள் கழித்தே அறிகுறி தெரியும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோனால், வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு.

கடைசியாக, தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒரு செய்தி. நாயின் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால், "எலும்பு சிக்கிக்கொண்டது" என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள்! வெறிநாய்க்கடி நோய் கண்ட நாயும் அப்படித்தான் தோன்றும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்நோய் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கி, அங்கே பல உயிர்களைப் பறித்தது. நோய்க்குறி தோன்றிய மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே, பிள்ளைகளை விலக்கிவிட்டு, மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நாய் கடித்துவிட்டாலோ, அதன் எச்சில் நம் புண்ணில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நலமாக இருக்கும் வளர்ப்பு நாயின் உதட்டை வாரம் ஒருமுறை விலக்கிப் பாருங்கள். அதைப் பெரியவர்களே செய்யட்டும். ஈறு இளஞ்சிவப்பாகவும் பல் வெண்மையாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. பார்த்து அறிய நமக்குக் கண் இருக்கிறதல்லவா?