டயாலிசிஸ் செய்பவர்கள் தோலையும் கவனியுங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் மருத்துவன் அல்ல, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

போடியிலிருந்து ஏலத்தோட்டம் போய்வருபவர்களுக்கு அட்டைக்கடியும் சிராய்ப்பும் சகஜம். மஞ்சளைத் தடவிவிட்டு மறந்துவிடுவோம். டயாலிசிஸ் செய்பவர்கள் அப்படி இருக்கக்கூடாது.

'கால்சிஃபிலாக்சிஸ்' என்று அரிதான ஒரு பாதிப்பு உண்டு. தோலின் சிறு ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து ரத்த ஓட்டம் தடைபடும். தொடையிலோ வயிற்றிலோ காலிலோ ஊதா நிறத் திட்டு வரும், வலி தாங்காது. பிறகு கறுத்துப் புண்ணாகும். அதில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை நோய், உடல் பருமன், வார்ஃபரின் மாத்திரை ஆகியவை அபாயத்தைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திராமல் அன்றே சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.