துப்பாக்கி எதற்கு என்று கேட்டார்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். நான் மெக்கானிக்கல், 2008-ல் வெளியே போனவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் வேலை. "வால்வு பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி எதுக்கு அது? நீ துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருக்கியாமே, அதைச் சொல்லு" என்றார். எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல. ஆனா தெரிஞ்ச நாளிலிருந்து நம்ம பேட்ச் ஆட்கள் நாலு பேர் எனக்குப் போன் பண்ணிட்டாங்க. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "மச்சான், எனக்கும் ஒண்ணு வாங்க வழி சொல்லேன். தோட்ட வீட்டுல தனியா இருக்கோம்." அந்த நாலு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டு ஆசையில் நான் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை. 2008 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார், ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கம். அன்றைக்கு நான் டிரெய்னி. திருவல்லிக்கேணி மேன்ஷன் டிவியில் பார்த்துக் கைதட்டிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். அவ்வளவுதான் எனக்கும் துப்பாக்கிக்கும் அப்போதிருந்த உறவு.

2018 ஜூன் மாதம், வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில் திருடன் வந்தான். நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது இல்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது. சமையலறை ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே வந்து, ஒரு லேப்டாப், இரண்டு போன், மேஜை மேல் என் மனைவி கழற்றி வைத்திருந்த செயின், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயசு. அவள் படுத்திருந்த கட்டிலுக்கு இரண்டடி தள்ளித்தான் அந்த மேஜை. பொருள் போனது மறந்துவிட்டது. அந்த இரண்டடிதான் மறக்கவில்லை.

மறு வாரமே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லைசென்ஸ் கொண்டாங்க சார்" என்றார். அப்போதுதான் ஒருவர் யோசனை சொன்னார்: தற்காப்புக்குன்னு கேட்டா ஆயிரம் கேள்வி வரும், ரைபிள் கிளப்பில் மெம்பராகிவிட்டு விளையாட்டுக்குன்னு கேளு என்று. சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-வது பிரிவு. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக .22 ரைபிள் கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை உரிமம் கொடுக்க வேண்டும் என்றே அதில் இருக்கிறது. ஆகா, வழி கிடைச்சாச்சு என்று கிளப்பில் சேர்ந்தேன். குறுக்கு வழி என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் என் கையில் ஏர் ரைபிளைக் கொடுத்தார், குண்டு கொடுக்கவில்லை. இரண்டு வாரம் வெறுமனே தூக்கிப் பிடிக்கணும், இறக்கணும். குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான் இருக்கணும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. காலியாக இருக்கிறது என்று நீயே பார்த்திருந்தாலும், குண்டு இருக்கிறது என்றே நினைத்துக்கொள். இதையே திருப்பித் திருப்பிச் சொல்வார். மூன்றாவது வாரம் சுட்டேன். அட்டையிலேயே படவில்லை.

அந்த இலக்கின் அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பத்து மீட்டர் தூரத்தில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர். நாம் டிராயிங் ஹாலில் பென்சிலைச் சீவி வைத்த புள்ளி அளவு. போட்டியில் அறுபது குண்டு, எலக்ட்ரானிக் இலக்கு என்றால் எழுபத்தைந்து நிமிஷம். மூச்சு விட்டால் குழல் ஆடும், மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் கண் மங்கும். இதயத் துடிப்பே குழல் முனையில் தெரியும். ஆபீசில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

நம்மவர்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் புரியும், ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். ஏர் ரைபிள் குண்டு ஏறக்குறைய 0.53 கிராம், விநாடிக்கு 170 மீட்டர் போகிறது என்று வையுங்கள். அரை எம்.வி. ஸ்கொயர் போட்டால் ஏழரை ஜூல். .22 தோட்டாவின் ஈயக் குண்டு 2.6 கிராம், வேகம் சுமார் 330 மீட்டர். 140 ஜூல் வரும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஏர் கன்னுக்கு 20 ஜூல், 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல். இந்த இரண்டையும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். ஒலிம்பிக்கில் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்த அளவு ஏர் ரைபிளில்தான். இது தெரியாமல் பாதிப் பேர் லைசென்ஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வருஷம் ஏர் ரைபிளில் சுடுங்க. அதுவும் கிளப் ரைபிளே போதும், ஜெர்மன்காரன் செய்தது வாங்கப் போனால் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

.22 அப்படி இல்லை. சின்னத் தோட்டாதான், ஆனால் குறி தவறினால் ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. அதனால்தான் உரிமம்.

2020-ல் கொரோனாவால் கிளப் மூடிக் கிடந்தது. 2021 ஆகஸ்டில் ஏ-1 படிவம் நிரப்பினேன். விலாசம், அடையாளம், போட்டோ, கிளப் கடிதம். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று. வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி. இதெல்லாம் சுலபம். கூடவே உடல் நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். அங்கேதான் மாட்டினேன்.

அரசு டாக்டர், மனநல மருத்துவர், அம்மா வயசு இருக்கும். கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் ஆகும் என்று நினைத்துப் போனேன். "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்டார். ஏதோ ஒரு நினைப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இல்லைங்க, மூணு வருஷமா ராத்திரி ரெண்டு தடவை எழுந்து கதவு, ஜன்னல் எல்லாம் பார்த்துட்டுத்தான் படுப்பேன் என்று. திருட்டுக் கதையையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "துப்பாக்கி வந்தா தூக்கம் வருமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "இப்போ என்னால கையெழுத்துப் போட முடியாது. இதுக்கு முதல்ல வைத்தியம் பார்ப்போம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் என்ன பைத்தியமா என்று வீட்டில் வந்து கத்தினேன். மேலிடத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "அந்த டாக்டரம்மா சொன்னதுல என்னங்க தப்பு? ராத்திரி நீங்க கதவைத் தட்டிப் பார்க்கற சத்தத்துல தினமும் நான் முழிச்சுக்கறேன். போன மாசம் பாப்பா பாத்ரூம் போக எழுந்தப்போ, இருட்டுல 'யார்றா அது'ன்னு கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ உங்க கையில அது இருந்திருந்தா?"

நண்பர்களே, அந்தப் புகார்க் கடிதத்தை நான் எழுதி முடிக்கவில்லை.

டாக்டரிடமே போனேன். மாத்திரை கொஞ்ச நாள், பேச்சு நிறைய நாள். அவர் மூணு மாசம் சொன்னார், எனக்கு ஏழு மாசம் ஆச்சு. ஜன்னலுக்கு நல்ல கிரில் போட்டேன், வாசலில் ஒரு கேமரா வைத்தேன். ரெண்டுக்கும் சேர்த்து ஆன செலவு துப்பாக்கி விலையில் காலே அரைக்கால் இருக்கும். இடையில் ஏர் ரைபிளை மட்டும் விடவில்லை. டாக்டரம்மாவே விடாதீங்க என்றார். 2022 ஏப்ரலில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது, ராத்திரி கதவைப் பார்க்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு சான்று கொடுத்தார்.

பிறகு போலீஸ் விசாரணை. ஏட்டையா வந்து வீட்டைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், பக்கத்து வீட்டிலும் விசாரித்தார். பக்கத்து வீட்டு மாமி அன்று சாயங்காலமே தெரு முழுக்க, "பாவம், நல்ல பிள்ளைதான், என்ன கேஸோ தெரியல" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் என்னிடம் காசு கேட்கக் கொஞ்சம் யோசிக்கிறார். வழக்கு ஏதும் இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, யாரோடாவது தகராறா, எல்லாம் கேட்பார்கள். கோபப்படக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யணும், மேல்முறையீடு உண்டு. சட்டத்திலேயே இருக்கிறது.

சென்னையில் உரிமம் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். மாவட்டங்களில் கலெக்டர் ஆபீசுக்குப் போகணும். நேர்காணலில் அதிகாரி கேட்டார்: "எதுக்கு உங்களுக்குத் துப்பாக்கி? விளையாட்டுக்கா, பாதுகாப்புக்கா?" நாலு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா விளையாட்டுக்குன்னு பொய் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதே வார்த்தையைத்தான் சொன்னேன், பொய்யாக இல்லை. 50 மீட்டர் சுட ஆசை என்றேன். என் போட்டி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் அடிக்கலையே" என்றார். "ஆமாம் சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

2022 நவம்பரில் உரிமம் வந்தது. இப்போது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன்னால் மூன்று வருஷம்தான். அதே திருத்தத்தில் சாதாரண ஆள் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்சவரம்பும் மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியப் பதிவில் தனி எண் உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்தில் இருக்கும்.

இன்னொரு விஷயம், தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மார்ச்சில் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன், ஜூனில்தான் திரும்பி வந்தது. அந்த மூன்று மாதமும் பழைய ஏர் ரைபிள்தான்.

தோட்ட வீட்டு நண்பர்களே, என் ரைபிள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் ரைபிள். அதன் போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில். தோட்டா தனிப் பெட்டியில், அந்தச் சாவி என் மனைவியிடம். திருடன் வந்தால், நான் முதலில் மனைவியை எழுப்பி, சாவி வாங்கி, பெட்டியைத் திறந்து, போல்ட்டை மாட்டி... அதற்குள் அவன் காபி போட்டுக் குடித்துவிட்டே போய்விடலாம். தற்காப்புக்கு உரிமமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான ஆபத்து இருப்பவர்கள் அதைக் காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் என்னைப் போல விளையாட்டு என்ற பெயரில் போகாதீர்கள். முதலில் கிரில் போடுங்க.

விளையாட ஆசை இருந்தால் அது வேறு கதை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் சுட்டிருக்கிறார். நமக்கு நாற்பது நெருங்குகிறது, அங்கெல்லாம் போகப்போவதில்லை. ஆனால் தொந்தியோடு விளையாடக்கூடிய விளையாட்டு இது ஒன்றுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். (சிரிப்பு)

பெரும்பாலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளப்பில் இருப்பேன். வர்றவங்க முன்கூட்டி ஒரு போன் பண்ணுங்க, விருந்தினர் அனுமதி வாங்கி வைக்கிறேன். போன மாசம் என் மனைவியும் முதல் தடவையாக வந்தாள். ஏர் பிஸ்டலில் பத்துக் குண்டு சுட்டாள். அந்த அட்டை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. என் அட்டை எதுவும் அங்கே ஒட்டப்படவில்லை.