எச்சமாய் நின்ற சொல்

இழிந்த பொருளென்று முகஞ்சுளிக்க வேண்டா. ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம் எனப் பிரித்துரைக்கும் நமக்கு இது புதிதன்று. இடைக்கால ஆங்கில வேட்டைக்காரரும் மானுக்கு 'ஃபியூமெட்', காட்டுப்பன்றிக்கு 'லெஸ்ஸஸ்', முயலுக்கு 'குரோட்டல்', நீர்நாய்க்கு 'ஸ்பிரெயின்ட்' என்றனர். 1415இல் அஜின்கோர்ட் போரில் மாண்ட யார்க் கோமகன் எட்வர்ட், பிரெஞ்சு நூலொன்றைத் தழுவி எழுதிய வேட்டை நூலில் இவற்றின் பழைய வடிவங்கள் உள. விடியலில் காடு சென்றவன் மானின் எச்சத்தை ஊதுகொம்பில் இட்டு, புல்லால் அடைத்து வந்து தலைவன்முன் வைப்பான். அதுவும் உணவுப் பந்தியிலே! அதன் பருமனும் வடிவும் கண்டே துரத்தத்தக்க கலைமானைத் தேர்ந்தனர். அவ்வழக்கம் மங்கவே சொற்களும் அருகின. 'ஸ்பிரெயின்ட்' பிழைத்தது. ஆற்றங்கரைக் கற்களில் அதனைத் தேடியே நீர்நாய்கள் வாழுமிடங்களை இன்றும் அறிகின்றனர்.