கழுத்து டிஸ்க் பல்ஜும் குறையாத படபடப்பும்

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான்: "கழுத்துல டிஸ்க் பல்ஜ்னு எம்ஆர்ஐல வந்திருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஹார்ட் ரேட் 110, 115 காட்டுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?" கேட்கிறவங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிறவங்க. நாள் முழுக்க லேப்டாப், கையில ஸ்மார்ட்வாட்ச்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். டிஸ்க் பல்ஜ் மட்டுமே இதயத்தை வாரக்கணக்கா வேகமா ஓட வைக்கும்னு நம்ப உடற்கூறியல்ல பெரிசா இடமில்லை.

இதயத்தோட வேகத்தைப் பார்த்துக்கிற நரம்புகள் ரெண்டு வகை. பிரேக் மாதிரி ஒண்ணு, வேகஸ் நரம்பு. அது மூளைத்தண்டுல கிளம்பி, கழுத்துல பெரிய ரத்தக்குழாயை ஒட்டியே இறங்கி வருது. டிஸ்க் பக்கமே போறதில்லை. ஆக்ஸிலரேட்டர் மாதிரி இன்னொண்ணு, சிம்பதெடிக் நரம்புகள். இவை தண்டுவடத்தை விட்டு வெளியே வர்றது கழுத்துல இல்லை, மார்புப் பகுதியோட மேல்பக்கத்துல. அங்கிருந்து மேலே ஏறி, எலும்புக்கு முன்னாடி இருக்கிற நரம்பு முடிச்சுகளைத் தொட்டுட்டு இதயத்துக்குத் திரும்புது. தொந்தரவு தர்ற டிஸ்க் பிதுங்கறது பெரும்பாலும் பின்பக்கமா. அங்கே மாட்டிக்கிறது தோளுக்கும் கைக்கும் போற நரம்பு வேர். அதனாலதான் கை மரத்துப் போகுது, விரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கு, பிடிமானம் குறையுது.

சரி, தண்டுவடமே அழுந்தினா? இதுதான் எனக்குப் பிடிச்ச ஆதாரம். விபத்துல கழுத்துத் தண்டுவடம் மோசமா அடிபட்டவங்களுக்கு வர்ற பெரிய கவலை, இதயம் ரொம்ப மெதுவாகிடறது. மூளையில இருந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போற கட்டளை அறுந்துடுது, பிரேக் மட்டும் முழுசா வேலை செய்யுது. அப்படின்னா, கழுத்துல பெரிய அடியே பட்டாலும் திசை நேரெதிர்.

அதுக்காக கழுத்தை விட்டுடவும் முடியாது. வலி இருந்தா இதயம் கொஞ்சம் வேகமாகும், தூக்கம் கெட்டா இன்னும் கொஞ்சம். வலிக்கு பயந்து நாலு மாசம் நடக்காம, படி ஏறாம இருந்தா உடம்போட ஃபிட்னெஸ் குறைஞ்சு, சாதாரண வேலைக்கே துடிப்பு எகிறும். யாரும் பெரிசா கவனிக்காத ஒண்ணு, மாத்திரை அட்டை. நரம்பு வலிக்குத் தர்ற அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ரெண்டுமே இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியவை. ப்ரிகாபலினோட ஒரே மாத்திரையில நார்ட்ரிப்டிலின் சேர்ந்து வர்றதும் உண்டு, அட்டையைத் திருப்பிப் படிச்சாத்தான் தெரியும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை மாசக்கணக்கா போட்டா வயித்துல புண்ணாகி, கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சு, ரத்தசோகை வரலாம். ரத்தசோகை வந்தா இதயம் வேகமாத்தான் ஓடும். மலம் தார் மாதிரி கருப்பா போனா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இந்த மாத்திரைகளை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக்கொடுத்தவர்கிட்ட கேளுங்க.

இப்போ அந்த எம்ஆர்ஐ. ஜப்பான்ல கழுத்துல எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2015ல வெளியிட்டாங்க. 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். இருபதுகள்ல இருக்கிறவங்கள்லயே ஏறக்குறைய நாலுல மூணு பேருக்கு. உங்க ரிப்போர்ட்ல அந்த வார்த்தை இருக்கிறதாலயே அது குற்றவாளி ஆகிடாது.

எனக்குக் கவலை எங்கேன்னா, காரணம் கிடைச்சாச்சுன்னு தேடறதை நிறுத்திடறதுல. கழுத்துக்கு பிசியோதெரபி, பெல்ட், தலையணை மாத்தறதுன்னு ஆறு மாசம் ஓடிடும். அதுக்குள்ள தைராய்டு அதிகமா சுரக்கறது அப்படியே இருக்கும், எடை குறையும், கை நடுங்கும். ஆரம்பத்துல ஒரு டிஎஸ்எச் டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதோட ஹீமோகுளோபின், ஈசிஜி, தேவைப்பட்டா 24 மணி நேர ஹோல்டர். எனர்ஜி டிரிங்க், காபி, ஆஸ்துமா இன்ஹேலர், சளி மாத்திரை எல்லாத்தையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. நின்னா மட்டும் வேகமாகுதா? படுத்திருந்து எழுந்து நின்னு பத்து நிமிஷத்துக்குள்ள 30க்கு மேல ஏறி, இறங்காம இருந்தா, பாட்ஸ்னு ஒரு நிலை இருக்கான்னு பார்க்கணும். பதின்ம வயசுன்னா அந்த எண்ணிக்கை 40.

வாட்ச்சை வெச்சு ஒரு உபயோகமான வேலை செய்யலாம். தூங்கும்போது ரேட் எவ்வளவுன்னு பாருங்க. பதட்டத்தால வர்றது தூக்கத்துல பெரும்பாலும் இறங்கிடும். தைராய்டு, ரத்தசோகைன்னா தூக்கத்துலயும் உயரமாவே நிக்கலாம். ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீர்னு 170, 180 போய், அதே மாதிரி திடீர்னு நிக்குதா? அது இதயத்தோட மின்பாதையில இருக்கிற சிக்கலா இருக்கலாம். அப்படி ஓடிட்டிருக்கும்போதே ஈசிஜி எடுத்தா டாக்டருக்கு வேலை பாதி முடிஞ்சது.

கடைசியா, இதை லேசா எடுத்துக்காதீங்க. கழுத்து நரம்பு மாட்டினா நெஞ்சு வலி மாதிரியே வலி வர்றது உண்மைதான். ஆனா நெஞ்சு இறுக்கம், தாடை, கை வலி, வேர்வை, மூச்சுத் திணறல், மயக்கம்னு வந்தா அது டிஸ்க்தான்னு நீங்களா முடிவு பண்ண வேண்டாம். 108க்கு போன் பண்ணுங்க, டிஸ்க்கை அப்புறம் பார்த்துக்கலாம்.